டெமோவில் பாட்டு ஒலிக்கவேண்டும், பிளேயர் இன்ஸ்டால் செய்யச் சொல்லக்கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெமோ என்று இங்கே சொல்வது, நாம் எழுதிய மென்பொருளை இன்னொருவர் தன் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் சின்னப் பதிப்பை. ஒரு ஃபோல்டரை அனுப்புகிறோம், அவர் டபுள் கிளிக் செய்கிறார், ஓடவேண்டும். படம், எழுத்து, பொத்தான் எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். பின்னணி இசையையோ பேச்சையோ சேர்த்தபிறகுதான் "இந்தக் கோடெக்கைப் போடுங்கள், அந்தப் பிளேயரை இறக்குங்கள்" என்று வாசலிலேயே ஆளை நிறுத்தும் நிலை வருகிறது (கோடெக் என்பது ஒலியைச் சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த நிரல் துண்டு). அப்படி நிறுத்தினால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அதைத் தவிர்ப்பது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எதற்குச் சுருக்கவேண்டும்? பொதுவாகச் சுருக்காத ஒலியை வைத்திருக்கும் வேவ் ஃபைலாகவே கொடுத்துவிட்டால் தொல்லையே இல்லையே?

கிளிக் சத்தம், "டிங்" மாதிரி ஒரு வினாடிக்குள் முடியும் ஒலிகள் மட்டும்தான் என்றால் தாராளமாக வேவ் போடுங்கள், மேலே படிக்கவே வேண்டாம். பாட்டு என்றால் கணக்கு வேறு. சிடி தரத்தில் வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அலையின் உயரத்தை ஒரு கணத்தில் அளந்த எண்), ஒவ்வொன்றும் 2 பைட், ஸ்டீரியோ என்பதால் அதற்கு இரண்டு மடங்கு, ஆக வினாடிக்கு 1,76,400 பைட். மூன்று நிமிடப் பாட்டு 3 கோடி பைட்டைத் தாண்டிவிடும், அதாவது ஏறத்தாழ 32 எம்பி. அதே பாட்டு 128 கிலோபிட் எம்பி3 ஆக இருந்தால் வினாடிக்கு 16,000 பைட்தான், மொத்தமும் 29 லட்சம் பைட்டுக்குள் அடங்கும். பதினொன்றில் ஒரு பங்கு. டெமோவின் நிரலே 2 எம்பி இருக்கும்போது 32 எம்பி இசையைக் கட்டி அனுப்புவது குதிரையை விட லாடம் கனமான கதை.

ஜிப் செய்தால் குறையுமே என்பார்கள். வேவ் ஃபைலை ஜிப் அவ்வளவாகக் குறைக்காது, அது ஒலிக்காகச் செய்யப்பட்டதில்லை. எம்பி3 ஃபைலை ஜிப் செய்தால் ஒன்றுமே குறையாது, ஏற்கெனவே பிழிந்த துணியைத் திரும்பப் பிழிவது போலத்தான்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, பலர் மறந்துபோனது: ஐஎம்ஏ ஏடிபிசிஎம். ஒரு சாம்பிளுக்கு 16 பிட்டுக்குப் பதில் 4 பிட், ஆகவே நாலில் ஒரு பங்கு. டிகோடரை, அதாவது சுருக்கியதை விரிக்கும் நிரலை, நீங்களே ஐம்பது அறுபது வரியில் எழுதிவிடலாம், செயலிக்கும் பாரம் கிடையாது. பேச்சுக்கும் விளையாட்டு ஒலிகளுக்கும் போதும். இசையில் லேசான இரைச்சல் கேட்கும்.

என் கணினியில் அருமையாக ஒலிக்கிறது, அனுப்பினவரிடம் மௌனம். என்ன கோளாறு?

உங்கள் கணினிதான் கோளாறு. அதில் பல வருடங்களாக நீங்கள் போட்ட பிளேயர்கள், வீடியோ எடிட்டர்கள், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த கோடெக்குகள் எல்லாம் குவிந்திருக்கின்றன. உங்கள் டெமோ "இந்த ஃபைலை வாசி" என்று இயங்குதளத்திடம் கேட்கும்போது அந்தக் குவியலில் ஏதோ ஒன்று எழுந்து வாசித்துவிடுகிறது. விண்டோஸின் பழைய மீடியா வசதியான டைரக்ட்ஷோ வழியாகப் போனால் இது சகஜம், அதன் எந்த ஃபில்டர் (வாசிக்கும் துண்டு) வாசித்தது என்றே தெரியாது. அடுத்தவர் கணினி சுத்தமாக இருக்கும், அங்கே அந்தக் கோடெக் இருக்காது. விண்டோஸின் 'N' பதிப்புகள் மீடியா வசதிகள் இல்லாமலே வருகின்றன. லினக்ஸில் ஒலி, படம் வாசிக்கும் ஜிஸ்ட்ரீமரின் பிளகின்கள் தனித்தனிப் பொட்டலங்களாக இருக்கும், எது போடப்பட்டிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதைவிடத் தந்திரமான ஒன்று உண்டு. ஃபைல் பெயர் வேவ் என்று முடிந்தால் உள்ளே சுருக்காத ஒலிதான் இருக்கும் என்று நம்பவேண்டாம். வேவ் என்பது வெறும் டப்பா. அதன் தலைப்பகுதியில் ஒரு எண் இருக்கும்: 1 என்றால் சுருக்காத பிசிஎம், 17 என்றால் ஐஎம்ஏ ஏடிபிசிஎம், 85 என்றால் உள்ளே இருப்பது எம்பி3. நான் ஒருமுறை இதில் மாட்டினேன். யாரோ கொடுத்த "வேவ்" ஃபைலை அப்படியே டெமோவில் வைத்தேன், என்னிடம் ஒலித்தது, காட்டப்போன இடத்தில் ஒலிக்கவில்லை, அரை மணி நேரம் ஸ்பீக்கர் வயரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே 85.

அப்படியென்றால் இயங்குதளத்தில் இருப்பதை நம்பவே கூடாதா?

ஒரே இயங்குதளத்துக்கு மட்டும், அதுவும் புதிய பதிப்புகளுக்கு மட்டும் என்றால் நம்பலாம். விஸ்டா முதல் விண்டோஸில் மீடியா ஃபவுண்டேஷன் இருக்கிறது, மேக்கில் ஏவிஃபவுண்டேஷன் இருக்கிறது, இரண்டும் எம்பி3, ஏஏசி வாசிக்கும் (விண்டோஸில் ஏஏசி மட்டும் விண்டோஸ் 7 முதல்தான்). மேலே சொன்ன 'N' பதிப்பு விதிவிலக்கு. ஆனால் மூன்று தளங்களுக்கு மூன்று விதமாக எழுதி, மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கும் நேரத்தில் டிகோடரையே உள்ளே வைத்துவிட்டுப் போய்விடலாம் என்பது என் கட்சி.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: ஃபைலை அந்தக் கணினியின் வழக்கமான பிளேயரில் திறக்கச் சொல்வது. டெமோவுக்கு மேலே இன்னொரு ஜன்னல் வந்து உட்காரும், அதை உங்களால் நிறுத்தவும் முடியாது, சத்தத்தைக் குறைக்கவும் முடியாது.

சரி, டிகோடரை உள்ளேயே வைப்பது பெரிய வேலையா?

ஒரு மாலை நேரத்து வேலை. முதலில் இரண்டு வேலைகள் கலந்து கிடப்பதைப் பிரித்துப் பாருங்கள். சுருக்கிய பைட்டுகளை விரித்துச் சாம்பிள்களாக்குவது ஒன்று. அந்தச் சாம்பிள்களை ஒலி அட்டையிடம் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதை எந்தக் கணினியும் கூடுதலாக எதையும் போடாமலே செய்யும். ஆகவே முதல் வேலையை மட்டும் நம் நிரலுக்குள் கொண்டுவந்தால் போதும், கோடெக் பிரச்சினையே காணாமல் போய்விடும்.

சி அல்லது சி++ எழுதுபவர்களுக்கு இதில் ராஜயோகம். மினிஎம்பி3, டிஆர்_எம்பி3, எஸ்டிபி_வோர்பிஸ், டிஆர்_ஃபிளாக் என்று ஒரே ஒரு ஃபைலாகக் கிடைக்கும் டிகோடர்கள் இருக்கின்றன. இறக்கி, ப்ராஜெக்டில் போட்டு, கம்பைல் செய்தால் முடிந்தது. டிஎல்எல் கிடையாது, இன்ஸ்டால் கிடையாது. மினிஆடியோ என்பது ஒலி அட்டைப் பகுதியையும் சேர்த்தே தரும்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தானாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும், வேவ், எம்பி3, ஃபிளாக் மூன்றையும் தானே வாசிக்கும். இன்று புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

முதல்முறை எல்லோரும் விழும் குழி: இந்த ஒற்றை ஃபைல் லைப்ரரிகள் பெரும்பாலானவற்றில், செயல்படும் பகுதி ஒரு டிஃபைன் போட்டால்தான் விரியும். அதை எந்த சி ஃபைலிலும் போடாவிட்டால் லிங்கர் "காணோம்" என்று கத்தும். இரண்டு ஃபைலில் போட்டால் "இரண்டு இருக்கிறது" என்று கத்தும். சரியாக ஒரே ஒரு ஃபைலில் போடுங்கள்.

எஸ்டிஎல் மிக்சர் என்ற ஒலி லைப்ரரியை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் தொடரலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழைய பதிப்புகள் எம்பி3-க்கும் ஆக் (ogg) என்ற வடிவத்துக்கும் தனி டிஎல்எல்-களைத் தேடும். அந்த டிஎல்எல்-ஐ ஃபோல்டரில் வைக்க மறந்தால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அமைதியாக ஒலிக்காமல் இருந்துவிடும்.

எந்த வடிவத்தில் சுருக்குவது? எம்பி3, ஆக், ஓபஸ், ஏஏசி என்று ஏகப்பட்டது இருக்கிறதே.

சுற்றிச் சுற்றி ஓடும் பின்னணி இசை என்றால் ஆக் வோர்பிஸ். ஏன் என்று லூப் பற்றிய கேள்வியில் வரும். பேச்சு என்றால் ஓபஸ், அதற்கு ஈடு கிடையாது: 24 முதல் 32 கிலோபிட்டிலேயே குரல் தெளிவாக இருக்கும், அந்த அளவில் எம்பி3 தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஆனால் ஓபஸின் லைப்ரரி ஒற்றை ஃபைல் இல்லை, கட்டிச் சேர்க்கக் கொஞ்சம் மெனக்கெடவேண்டும். ஒரே பாட்டு, ஒருமுறை ஒலித்து முடியும், பிரவுசரிலும் ஓடவேண்டும் என்றால் எம்பி3 போதும், அதற்கு மேல் யோசிக்கவேண்டாம். ஏஏசி-யை டெமோவுக்குள் கட்ட நான் பரிந்துரைக்கமாட்டேன், கையடக்கமான டிகோடரும் கிடைக்காது, உரிமச் சிக்கலும் உண்டு. ஃபிளாக் தரம் குறையாதது, ஆனால் பாட்டு பாதியளவுக்குத்தான் குறையும், டெமோவுக்கு அது ஆடம்பரம்.

பிட்ரேட்டை (வினாடிக்கு எத்தனை பிட் என்பதை) 128 கிலோபிட்டுக்கும் 160-க்கும் நடுவில் வைத்தால் லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்கும் யாருக்கும் குறை தெரியாது. என்கோட் செய்யும் (சுருக்கும்) முன் சத்தத்தை உச்சத்திலிருந்து ஒரு டெசிபல் குறைத்துவிடுங்கள். சுருக்கி விரிக்கும்போது அலை கொஞ்சம் எகிறும், ஏற்கெனவே உச்சியில் இருந்தால் கரகரக்கும்.

அப்புறம், ஃபைலுக்குள் ஐடி3 குறிச்சொற்களில் (பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரம் இருக்கும் பகுதி) ஆல்பத்தின் அட்டைப்படம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேச்சுத் துண்டு 60 கேபி, அதன் தலையில் 400 கேபி படம் என்பதெல்லாம் நான் கண்ணால் கண்டது.

எம்பி3 பயன்படுத்தினால் காப்புரிமைக்குப் பணம் கட்டவேண்டும் என்கிறார்களே?

பழைய செய்தி. எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரல் 23 அன்று முடித்துக்கொள்ளப்பட்டது, அதை உருவாக்கியதில் முக்கியப் பங்குவகித்த ஃபிரான்ஹோஃபர் நிறுவனமே அறிவித்துவிட்டது. வோர்பிஸும் ஓபஸும் முதலிலிருந்தே கட்டணமில்லாதவை.

லைப்ரரியின் உரிமம் வேறு விஷயம். மினிஎம்பி3, எஸ்டிபி_வோர்பிஸ், மினிஆடியோ எல்லாம் பொதுச்சொத்து (பப்ளிக் டொமைன்) போன்றவை, எதிலும் சேர்க்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற பெரிய லைப்ரரியின் உரிமம் எல்ஜிபிஎல், சில வசதிகளைச் சேர்த்துக் கட்டினால் ஜிபிஎல் ஆகிவிடும், இரண்டும் மூல நிரல் பற்றி நிபந்தனை போடும் உரிமங்கள். மூல நிரலைத் தராத டெமோவுக்குள் அதை அப்படியே ஒட்டவைக்கும் முன் உரிமத்தைப் படியுங்கள். பாஸ் என்ற லைப்ரரி வணிகமில்லாத வேலைக்கு மட்டும் இலவசம்.

இதையெல்லாம் கவனமாகப் பார்த்துவிட்டு, யாரோ ஒருவரின் சினிமாப் பாட்டை டெமோவில் ஓடவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். டிகோடர் இலவசம் என்பதால் பாட்டு இலவசமாகிவிடாது.

பின்னணி இசை திரும்ப ஆரம்பிக்கும்போது ஒரு சின்ன விக்கல் வருகிறது. என் நிரலில் எங்கே தப்பு?

உங்கள் நிரலில் தப்பே இல்லாமலும் இது வரும். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட ஃப்ரேம்களாக வெட்டித்தான் சேமிக்கும், 44,100 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 26 மில்லி வினாடி. உங்கள் பாட்டு அந்த எண்ணால் சரியாக வகுபடவா போகிறது? கடைசி ஃப்ரேமில் மீதி இடத்தை மௌனத்தால் நிரப்பிவிடும். முன்பக்கமும் சும்மா இருப்பதில்லை: லேம் என்ற எம்பி3 என்கோடர் 576 சாம்பிள் தாமதம் சேர்க்கும், விரிக்கும்போது டிகோடர் தன் பங்குக்கு 529. இரண்டும் சேர்ந்து 1105 சாம்பிள், அதாவது 25 மில்லி வினாடி வெறுமை. பாட்டு முழுக்க ஒருமுறை ஓடினால் யார் காதிலும் விழாது. தாளத்தோடு சுற்றிவரும் எட்டு வினாடித் துண்டு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் கால் இடறும்.

லேம் இந்தக் கணக்கை ஃபைலின் முதல் ஃப்ரேமில் எழுதிவைக்கிறது: முன்னால் எத்தனை சாம்பிள் தள்ளவேண்டும், பின்னால் எத்தனை என்று. சில டிகோடர்கள் அதைப் படித்துத் தாமாகவே வெட்டும், சில கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளாத டிகோடர் என்றால், துண்டு முழுவதையும் நினைவகத்தில் விரித்து, முன்னும் பின்னும் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். நான் அதைச் செய்து பார்த்துவிட்டுச் சலித்துப்போய் ஆக் வோர்பிஸுக்கு மாறினேன். அதில் மொத்தம் எத்தனை சாம்பிள் என்ற எண் ஃபைலிலேயே துல்லியமாக இருக்கும், வெட்டு ஒட்டு எதுவும் தேவையில்லை. ஓபஸிலும் முன்னால் எவ்வளவு தள்ளவேண்டும் என்பது தலைப்பகுதியில் இருக்கும்.

வடிவத்தை மாற்றியும் விக்கல் போகவில்லை என்றால் அது இசைத்துண்டின் குறை. முடிவிலுள்ள அலையும் தொடக்கத்திலுள்ள அலையும் ஒரே உயரத்தில் சந்திக்காவிட்டால் "டிக்" என்று கேட்கும். எடிட்டரில் திறந்து, இரண்டும் பூஜ்யத்தைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள்.

பாட்டு முழுவதையும் முதலிலேயே விரித்து வைத்துக்கொள்வதா, ஓட ஓட விரிப்பதா?

சின்ன ஒலிகளை முதலிலேயே விரித்துவிடுங்கள். மூன்று நிமிடப் பாட்டை 16 பிட்டில் விரித்தால் 32 எம்பி நினைவகம், 32 பிட் ஃப்ளோட்டில் 64 எம்பி. இன்றைய கணினிக்கு அது பெரிய சுமை இல்லை, ஆனால் விரித்து முடிக்கும்வரை திரை உறைந்து நிற்கும், டெமோவின் முதல் இரண்டு வினாடியில் உறைந்து நிற்பது நல்ல முதல் அறிமுகம் இல்லை. நீளமான இசைக்கு ஓட ஓட விரிப்பதே மேல்.

அப்படிச் செய்யும்போது ஒரு ஒழுக்கம் வேண்டும். ஒலி அட்டை தனக்குச் சாம்பிள் வேண்டும்போதெல்லாம் உங்களுடைய ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும், கால்பேக் என்பார்கள். 48,000 ஹெர்ட்ஸில் 480 சாம்பிள் கேட்கிறது என்றால் 10 மில்லி வினாடிக்குள் கொடுத்தாகவேண்டும். அந்த நேரத்தில் உள்ளே டிஸ்கிலிருந்து ஃபைல் படிப்பது, புதிதாக நினைவகம் கேட்பது, வேறு த்ரெட் பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருப்பது, லாக் எழுதுவது என்று எதுவும் கூடாது. 99 முறை ஓடும், நூறாவது முறை டிஸ்க் கொஞ்சம் தாமதிக்கும், "ட்ரக்" என்று கேட்கும். அதுவும் சரியாக நீங்கள் ஆட்களுக்கு முன்னால் காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்கும். தனியாக ஒரு த்ரெட் வைத்து, அது முன்கூட்டியே விரித்து ஒரு வட்டப் பஃபரில் (முடிவு வந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பும் தற்காலிக இடம்) போட்டுக்கொண்டே இருக்கட்டும், அரை வினாடி அளவு முன்னால் ஓடினால் போதும். கால்பேக் அதிலிருந்து நகலெடுப்பதை மட்டும் செய்யட்டும். சுருக்கிய ஃபைல் சின்னதாக இருந்தால் அதை முழுசாக நினைவகத்தில் ஏற்றிவிட்டு அங்கிருந்து விரிக்கலாம், டிஸ்க் பயமே இருக்காது. எம்பி3 விரிப்பது இன்றைய செயலிக்குக் கொசுக்கடி.

பாட்டு லேசாக வேகமாக, கீச்சுக்குரலில் கேட்கிறது.

44,100 ஹெர்ட்ஸ் ஒலியை 48,000-இல் ஓடும் அட்டைக்கு அப்படியே கொடுத்துவிட்டீர்கள். கிட்டத்தட்ட 9 விழுக்காடு வேகம் கூடும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறும். 180 வினாடிப் பாட்டு 165 வினாடியில் முடிந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஃபைலின் சாம்பிள் வேகத்தை அட்டைக்குச் சொல்லுங்கள், அல்லது மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், மினிஆடியோ கேட்டால் செய்யும். ஒரு ஸ்பீக்கருக்கான மோனோ ஃபைலை ஸ்டீரியோ என்று நினைத்துக் கொடுத்தால் சரியாக இரட்டை வேகத்தில் ஓடும், அது வேறு நோய்.

படத்தையும் இசையையும் எப்படி ஒட்டி வைப்பது? ஐந்தாவது நிமிடத்தில் விலகிவிடுகிறது.

திரையில் எத்தனை ஃப்ரேம் வரைந்தோம் என்று எண்ணி நேரம் கணக்கிடுகிறீர்கள், சரிதானே? அடுத்தவர் திரை 60 இல்லாமல் 144 ஹெர்ட்ஸ் ஆக இருந்தால் முதல் நிமிடத்திலேயே விலகும். கணினியின் கடிகாரத்தை வைத்தாலும் மெல்ல விலகும், ஏனென்றால் ஒலி அட்டைக்குத் தனிக் கடிகாரம், இரண்டும் நூலிழை அளவு வேறுபடும். இசைதான் எஜமான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை எத்தனை சாம்பிள் ஒலித்தது என்பதைச் சாம்பிள் வேகத்தால் வகுத்தால் அதுவே டெமோவின் நேரம். படம் அதைப் பார்த்து ஓடட்டும். படம் ஒரு ஃப்ரேம் தவறினால் கண் மன்னித்துவிடும், இசை ஒரு கணம் நின்றால் காது மன்னிக்காது.

அந்த எண் பஃபருக்குப் பஃபர் தாவித்தாவி ஏறுவதால் அசைவு குலுங்குவதுபோல் தெரியும். இரண்டு தாவலுக்கு நடுவில் மட்டும் கணினிக் கடிகாரத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்செட் போட்டுப் பார்ப்பவருக்கு ஒலி எப்படியும் தாமதமாகத்தான் வரும், தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு விசையை டெமோவில் வைத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸிகியூட்டபிள் ஃபைலுக்குள் அடக்கலாமா?

அடக்கலாம். விண்டோஸில் ரிசோர்ஸாகச் சேர்த்து, ஓடும்போது அதன் முகவரியை வாங்கி நேராக டிகோடரிடம் கொடுத்துவிடலாம், தற்காலிக ஃபைலாக எழுதவே வேண்டாம். எழுதவும் கூடாது: தன்னைத்தானே விரித்து டெம்ப் ஃபோல்டரில் எதையோ எழுதும் நிரலை வைரஸ் தடுப்பான்கள் முறைத்துப் பார்க்கும். எல்லாத் தளங்களுக்கும் ஒரே வழி வேண்டுமென்றால் பைட்டுகளை சி அணியாக மாற்றி கம்பைல் செய்யும் பழைய முறை இருக்கிறது, எக்ஸ்எக்ஸ்டி என்ற கருவி அதைச் செய்யும். ஆனால் ஒரு பைட்டுக்கு ஆறு எழுத்து என்று 3 எம்பி பாட்டு 18 எம்பி மூல நிரலாகி கம்பைலர் திணறும். சி23 தரத்தில் எம்பெட் என்று இதற்காகவே ஒரு கட்டளை வந்திருக்கிறது, புதிய கம்பைலர் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தனி ஃபைலாகத்தான் வைப்பேன் என்றால் பாதையைக் கவனியுங்கள். எடிட்டரிலிருந்து ஓட்டினால் ஒலிக்கிறது, ஃபோல்டரிலிருந்து டபுள் கிளிக் செய்தால் இல்லை என்றால், ஃபைலை நடப்பு ஃபோல்டரில் தேடுகிறீர்கள் என்று அர்த்தம். நிரல் இருக்கும் ஃபோல்டரை வைத்துத் தேடவேண்டும். விண்டோஸில் பயனர் பெயர் தமிழில் இருந்தால் ஃபைல் திறக்கும் பழைய எஃப்ஓப்பன் அந்தப் பாதையைத் திறக்கத் தடுமாறும், அதன் அகல எழுத்து (யூனிகோட்) வடிவத்தைப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

பிரவுசரில் ஓடும் டெமோ என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லைதானே?

தலைவலி இடம் மாறும். டிகோடர் பிரவுசரிலேயே இருக்கிறது, உண்மைதான், எம்பி3 எல்லாவற்றிலும் ஒலிக்கும். ஆக் வோர்பிஸை சஃபாரி வெகுகாலம் சீண்டவே இல்லை, பழைய ஐபோன்களை மனதில் வைத்து எம்பி3 பிரதி ஒன்றையும் கூடவே வையுங்கள்.

பெரிய தடை வேறு. பக்கம் திறந்தவுடன் இசை தானாக ஒலிக்க பிரவுசர்கள் விடாது. குரோம் 2018-இல் இதை இறுக்கியது, மற்றவையும் அதே வழிதான். பார்ப்பவர் எதையாவது கிளிக் செய்திருக்கவேண்டும். ஆகவே "தொடங்கு" என்று பெரிய பொத்தான் ஒன்றை வைத்து, அந்தக் கிளிக்குக்குள்ளேயே வெப் ஆடியோ (பிரவுசருக்குள் ஒலியைக் கையாளும் வசதி) தரும் ஆடியோ கான்டெக்ஸ்டின் ரெஸ்யூமைக் கூப்பிடுங்கள். நீங்கள் உருவாக்கும்போது நூறு தடவை கிளிக் செய்திருப்பீர்கள், அதனால் இந்தத் தடை உங்கள் கண்ணில் படவே படாது, அடுத்தவருக்கு மட்டும் மௌனமாக இருக்கும்.

ஆடியோ டேகில் லூப் என்று போட்டால் இடைவெளி கேட்கும். வெப் ஆடியோவில் டிகோட்ஆடியோடேட்டா மூலம் விரித்து, லூப் தொடங்கும் முடியும் இடங்களை வினாடியில் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அது முழுப் பாட்டையும் 32 பிட் ஃப்ளோட்டாக விரிக்கும் என்பதை மறக்கவேண்டாம், மேலே சொன்ன 64 எம்பி கணக்கு இதுதான், மலிவான போனில் இப்படி நாலைந்து பாட்டை வரிசையாக விரித்தால் பக்கமே செத்துவிடும்.

சர்வர் இல்லாமல் எச்டிஎம்எல் ஃபைலை நேராகத் திறந்து காட்டவேண்டும் என்றால் ஃபெட்ச் மூலம் பக்கத்திலுள்ள ஒலி ஃபைலைப் படிக்க குரோம் அனுமதிக்காது. ஒலி ஃபைலை பேஸ்64 (பைட்டுகளை வெறும் எழுத்துகளாக எழுதும் முறை) ஆக மாற்றிப் பக்கத்துக்குள்ளேயே செருகிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், பரவாயில்லை, ஒரே ஃபைலாக அனுப்பலாம்.

ஜாவா, சி ஷார்ப், பைத்தான் ஆட்களுக்கு?

மூன்றிலும் ஒரே கதை: கூடவே வரும் ஒலி வசதி வேவ் போன்ற சுருக்காத வடிவங்களோடு நின்றுவிடும். ஜாவாவில் ஜேலேயர் என்ற சுத்த ஜாவா டிகோடரை ஜார் ஃபைலோடு கட்டிவிடுங்கள். டாட்நெட்டின் சவுண்ட்பிளேயர் வேவ் மட்டும்தான் வாசிக்கும். டாட்நெட்டின் ஜன்னல் கருவித்தொகுப்பான டபிள்யூபிஎஃப்-இன் மீடியா எலிமென்ட் எம்பி3 வாசிக்கும், ஆனால் அந்தக் கணினியில் விண்டோஸ் மீடியா பிளேயர் இருக்கவேண்டும், அதாவது எந்த நிபந்தனையைத் தவிர்க்க ஆரம்பித்தோமோ அதுவே பின்வாசலில் வந்து நிற்கும். ஆக் வோர்பிஸுக்கு என்வோர்பிஸ் போன்ற சுத்த சி ஷார்ப் டிகோடர் இருக்கிறது, என்ஆடியோ என்ற ஒலி லைப்ரரியோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். பைத்தானில் பைகேம் என்ற விளையாட்டு லைப்ரரி தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவரும், பைஇன்ஸ்டாலரில் (எக்ஸிகியூட்டபிளாகக் கட்டும் கருவி) கட்டியபிறகு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

போட்டிகளுக்காக 64 கேபிக்குள் அடக்கி எழுதும் டெமோக்களில் முழுப் பாட்டே ஓடுகிறதே, அது எப்படி?

அங்கே சுருக்கிய ஒலியே இல்லை. 65,536 பைட்டில் 128 கிலோபிட் எம்பி3 வைத்தால் 4 வினாடிதான் வரும், நிரலுக்கு இடமே மிஞ்சாது. அவர்கள் ஒலியைச் சேமிப்பதில்லை, ஒலியை உண்டாக்கும் செய்முறையைச் சேமிக்கிறார்கள்: ஒரு குட்டி சிந்தசைசர், அதற்கு எந்தச் சுரம் எப்போது என்ற பட்டியல். ஃபார்பிரவுஷ் குழுவின் வி2, 4 கேபி டெமோக்களுக்கான 4கிளாங் இரண்டும் இந்த வகை.

நமக்கு அவ்வளவு கஞ்சத்தனம் வேண்டாம் என்றாலும் நடுவழி ஒன்று இருக்கிறது, டிராக்கர் இசை. 1987-இல் அமிகாவில் அல்டிமேட் சவுண்ட்டிராக்கரோடு பிறந்த மாட் வடிவம், பிறகு வந்த எக்ஸ்எம் முதலியவை. நாலைந்து கருவிகளின் சின்னச் சாம்பிள்களும் சுரப் பட்டியலும் மட்டும் ஃபைலில் இருக்கும். நாலு நிமிட இசை 200 கேபியில் முடிந்துவிடும், லூப் விக்கல் கிடையாது, எந்த வரிசையில் எந்தச் சுரம் ஓடுகிறது என்பது தெரிவதால் படத்தை ஒட்டவைப்பதும் சுலபம். லிப்எக்ஸ்எம்பி, லிப்ஓபன்எம்பிடி இரண்டும் வாசிக்கும். இசையை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் மட்டும்தான் இது பயன்படும், இருக்கிற பாட்டை இதற்கு மாற்றமுடியாது.

எல்லாம் செய்துவிட்டேன். அனுப்பும் முன் எதைச் சோதிப்பது?

ஒன்றுமே போடாத புதிய விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள், உங்கள் கணினியில் ஓடுவது சாட்சியே இல்லை. அப்புறம் ஒலி அட்டையை முடக்கிவிட்டு ஓட்டுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்ப்பவருக்கும் ஸ்பீக்கர் இல்லாத மேசைக் கணினிக்காரருக்கும் ஒலிக் கருவியே கிடைக்காது, தொடக்கமே பிழை திருப்பும். அந்த இடத்தில் பாதி டெமோக்கள் விழுந்துவிடும். மீதியில் சில விழாது, ஆனால் முதல் காட்சியிலேயே உறைந்து நிற்கும், ஏனென்றால் இசைதான் எஜமான் என்று மேலே நானே சொல்லிவிட்டேன், ஒலிக்காத இசையின் கடிகாரம் நகராது. ஆகவே ஒலி கிடைக்கவில்லை என்றால் நேரத்தைக் கணினிக் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டு, ஓரத்தில் "ஒலி இல்லை" என்று சின்னதாக எழுதிக் காட்டிவிட்டு, டெமோ தன் பாட்டுக்கு ஓடட்டும். பாட்டு ஓடும்போது நடுவில் ஹெட்ஃபோனைப் பிடுங்கியும் பாருங்கள், என்னுடைய ஒன்று அதில்தான் விழுந்தது.